தாராசுரத்துப் பழைய வீடு: வாங்க வருபவர்களுக்குக் காட்டுவதற்கு முன் எதைச் சரிசெய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தாராசுரத்தில், ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து மூன்று நிமிட நடையில் எங்கள் பெற்றோரின் வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று நீளும் பழைய நாட்டு ஓட்டு வீடு. அம்மா காலமான பிறகு மூன்று ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. நானும் தம்பியும் சென்னையில் இருக்கிறோம்; விற்பதென்று முடிவு செய்துவிட்டோம்.

சென்ற மாதம் பார்க்க வந்தவர் ரேழியைத் தாண்டியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டார், வௌவால் நாற்றம். கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்து, கை வைத்தால் மாவாக உதிர்கிறது. சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்துவிட்டால் விலை ஏறும் என்கிறார் தரகர். அவர் கணக்கில் மூன்று லட்சம் ரூபாய் ஆகும். இருக்கிறபடியே தள்ளிவிடலாம் என்கிறான் தம்பி. வருபவருக்கு வீடு பிடிக்கும்படி காட்டுவதற்கு எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

மறுமொழி 1 – கட்டட மேற்பார்வையாளர், திருவையாறு

அந்த மூன்று லட்சத்தைச் செலவு செய்யாதீர்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பழைய சுவர், மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைப் பூச்சின் வழியே காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். ஈரம் உலரும்போது தங்கிவிடும் உப்புதான் பூச்சைப் பொரியச் செய்கிறது. அதன் மேல் சிமெண்டையும் எமல்ஷனையும் ஏற்றினால் ஈரம் வெளியேற வழியில்லாமல், இன்று இடுப்பளவில் நிற்கும் ஓதம் நாளை மார்பளவுக்கு ஏறும். வீட்டைக் காட்டும் நாளில் பளபளவென்றிருக்கும் சுவர், வாங்க வருபவர் இரண்டாம் முறை வரும்போது கொப்புளம் விட்டிருக்கும்.

உதிர்வதைச் சுரண்டி எடுத்து, சுவரை ஆறவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மூன்று கை வெள்ளையடித்தால் போதும். காரை இறுகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் அவசரப்படக் கூடாது. ஆனால் அதற்கும் முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பூட்டிய வீடுகளில் பெரும்பாலும் முற்றத்து ஜலதாரை இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கும். மழைநீர் நின்று கூடத்துச் சுவருக்கடியில் ஊறும். இரண்டு குடம் தண்ணீரை முற்றத்தில் கொட்டி, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று பாருங்கள். பிறகு, வாங்க வருபவர் கண் முன்னாலும் அதையே செய்து காட்டலாம்.

சிவப்புக் காவித் தரைக்கு ஆசிட் ஊற்ற வேண்டாம், தரை அரித்துப்போகும். சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் தேய்த்தால் பழைய மினுமினுப்பு வந்துவிடும். கூரை ஓடுகளைக் கார்த்திகை மழைக்கு முன்பே ஆள் ஏற்றிப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். குரங்குகள் தள்ளிவிட்ட ஓடுகள் எத்தனை என்று அப்போதுதான் தெரியும்.

மறுமொழி 2 – சென்ற ஆண்டு வீடு வாங்கியவர், மயிலாடுதுறை

வாங்கியவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான் பார்த்த ஒரு வீட்டில் கூடம் முழுவதும் புதுப் பெயிண்ட் வாசனை. ஒரே சுவரில் அடுத்தடுத்து மூன்று நாட்காட்டிகள் தொங்கின. நடுவில் இருந்ததைச் சற்றே தூக்கிப் பார்த்தேன். விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் சொன்ன எதையும் என்னால் நம்ப முடியவில்லை. கடைசியில் நான் வாங்கிய வீட்டிலும் வெடிப்பு இருந்தது, ஆனால் வீட்டுக்காரரே அழைத்துப் போய்க் காட்டினார்.

வௌவால் நாற்றம் ஒருநாள் பெருக்கினால் போகாது. பரணை முழுவதும் காலி செய்து, வௌவால்கள் நுழையும் சந்துகளை அடைத்து, இரண்டு வாரமாவது காலையில் எல்லாக் கதவுகளையும் திறந்துவைக்க அங்கேயே ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். காலை வெயில் முற்றத்தில் இறங்கும் நேரத்துக்கு வாங்க வருபவர்களை வரச் சொல்லுங்கள். மாலையில் இந்த மாதிரி வீடுகள் குகை போலத் தெரியும்.

இன்னொன்று. நம் பக்கத்தில் வாங்க வருபவர் வாசலிலேயே கேட்கும் கேள்வி, மனை சொந்தமா, கோயில் மனையா என்பதுதான். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தயாராக வையுங்கள். வெள்ளையடித்த சுவரைவிட அது அதிகம் பேசும்.

மறுமொழி 3 – கும்பகோணம்

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடித்துவிட்டுக் கட்டலாம் என்று வருபவருக்குக் காவித் தரையும் தூணும் எதற்கு? ஆனால் உங்கள் வீடு இருக்கும் இடத்தை மறந்துவிடாதீர்கள். ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். பழுதுபார்க்கும் வேலைக்கும் அனுமதி தேவைப்படும் என்பதால், காரைப் பூச்சைத் தொடங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிமிட நடை என்றால் இந்த இரண்டில் ஒன்றில்தான் வீடு இருக்கும். முதலில் அளந்து பாருங்கள். நூறு மீட்டருக்குள் என்றால், இருக்கிற வீட்டில் குடியிருக்க விரும்புபவர்தான் உங்களுக்கு ஏற்றவர். அவருக்குக் காட்ட வேண்டியது மனையையல்ல, வீட்டை. இந்த விதியை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு தெரிய வந்தால் பணத்தோடு பேரும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று ஊருக்கு வந்து ஜலதாரையைத் தோண்டினோம். ஒரு கூடை மண்ணோடு, அம்மா நெடுநாள் தேடிய வெண்கலக் கரண்டியும் கிடைத்தது. இரண்டு குடம் தண்ணீர் இப்போது தேங்காமல் ஓடுகிறது. சர்வேயரை அழைத்திருக்கிறோம். மழை முடியட்டும், தையில் காட்டலாம் என்று தம்பியும் ஒப்புக்கொண்டுவிட்டான். திருவையாற்று ஐயாவுக்கு ஒரு கேள்வி: கூடத்தில் மாட்டியிருந்த படங்களைக் கழற்றியதும் சுவரில் வெளிறிய கட்டங்கள் தெரிகின்றன, இரண்டு கை வெள்ளையில் அவை மறையுமா, மூன்றாவதும் அடிக்க வேண்டுமா?