பத்து சதவீதம்னு போட்டுட்டு ஊத்திருச்சு: வானிலை ஆப்பை நம்பறதா, தட்டானை நம்பறதா?

மஞ்சக்காட்டான் (சிவகிரி):
வேகவைத்த மஞ்சள் ஆறாவது நாளாகக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. போனில் உள்ள வானிலை ஆப்பில் மழை வாய்ப்பு 10 சதவீதம் என்று பார்த்துவிட்டு, தார்ப்பாய் போடாமல் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். சாயங்காலம் நாலரைக்குப் பிடித்தது, அரை மணி நேரம். பாதி மஞ்சள் நனைந்து போச்சு. நிறம் மங்கினால் மண்டியில் என்ன விலை கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். காலையிலேயே எங்கள் அப்பாரு, "தட்டான் தாழப் பறக்குது, மூடிட்டுப் போ" என்றார். 86 வயசுக் கண்ணுக்குத் தெரிந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. இந்த ஆப் எதற்கு?

கணக்கு டீச்சர் (கோபி):
மஞ்சள் நனைந்தது வருத்தம்தான். ஆனால் 10 சதவீதம் என்றால் பெய்யாது என்று யார் சொன்னது? அப்படிப் போட்ட பத்து நாளில் ஒரு நாள் பெய்ய வேண்டும். உங்களுக்கு வாய்த்தது அந்த ஒரு நாள்.

பல்லடத்துக் காத்து:
இது நல்ல வசதியா இருக்குதுங்க டீச்சர். பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சொன்னவர் தப்பித்துக்கொள்வார். பஞ்சாங்கமாவது இத்தனை மரக்கால் மழை என்று துணிந்து போடுகிறது. மார்கழியில் கர்ப்போட்டம், அதாவது மேகம் ஓடும் போக்கைப் பார்த்து ஆடி, ஆவணி மழையைச் சொன்ன பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

கணக்கு டீச்சர்:
தப்பிக்க முடியாதுங்க. ஒரு நாளை வைத்துப் பிடிக்க முடியாது, நூறு நாளை வைத்துப் பிடிக்கலாம். 10 என்று போட்ட நாட்களைக் காலண்டரில் குறித்து வாருங்கள். பாதி நாள் பெய்திருந்தால் ஆப்பைத் தூக்கிப் போடுங்கள், நானே சொல்கிறேன். கர்ப்போட்டத்துக்கும் இதே சோதனைதான். பலித்த வருசம் ஊருக்கே ஞாபகம் இருக்கும். பொய்த்த வருசத்தை எந்தப் பெரியவர் எழுதி வைத்தார்?

சூலூரான்:
சதவீதச் சண்டை இருக்கட்டும், என் குறை வேறு. ஆனி, ஆடியில் டிவியில் "கோவை மாவட்டத்தில் கனமழை" என்று ஓடும். வால்பாறையும் இதே மாவட்டம், சூலூரும் இதே மாவட்டம். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு வருசத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் வாங்கும் இடம். மலை மறைவில் இருக்கும் எங்களுக்கு 600, 700 கிடைத்தாலே பெரிசு. தென்மேற்குப் பருவக்காற்று தண்ணீரை மேற்கே கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்காற்றைத்தான் அனுப்புகிறது. காற்றாலைக்காரருக்கு லாபம், பண்ணையம் பார்ப்பவனுக்குப் புழுதி. சென்னையிலிருந்து தங்கச்சி போன் பண்ணி "குடை எடுத்துட்டுப் போண்ணா" என்னும். நான் வண்டி சீட்டில் மண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

பொள்ளாச்சித் தென்னை:
அறிக்கையை முழுசாகப் படித்தால் அந்தக் குறை பாதி தீரும். வானிலை ஆய்வு மையம் பல நாள் "கோயம்புத்தூர் மாவட்ட மலைப்பகுதிகள்" என்று பிரித்துத்தான் எழுதுகிறது. டிவிக்கு வரும்போது மலைப்பகுதி உதிர்ந்துவிடுகிறது. ஓரிரு இடம், சில இடம், பல இடம் என்பதும் வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. மழைமானி வைத்த இடங்களில் கால்வாசி வரை பெய்தால் ஓரிரு இடம், பாதி வரை என்றால் சில இடம், முக்கால் வரை பல இடம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் கனமழை. நம் ஆட்களுக்கு "ஒரு உழவு மழை" என்றால்தான் மண்டையில் ஏறும், அது வேறு கதை.

அப்புறம், மஞ்சள் நனைந்தது கோடை மழையில். காலையெல்லாம் வெயில் காய்ந்து, மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, சில கிலோமீட்டர் அகலத்தில் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். எந்த ஊர் தலையில் என்று முந்தின நாளே சொல்வது கஷ்டம். ஐப்பசியில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் மூன்று நாலு நாள் முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மஞ்சக்காட்டான்:
அப்போ தட்டான்?

பொள்ளாச்சித் தென்னை:
தட்டானைக் கேலி செய்ய மாட்டேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் மழையா என்று கேட்டால் அது சொல்லலாம். அடுத்த வாரம் கடலை விதைக்கலாமா என்று அதைக் கேட்க முடியாது.

பல்லடத்துக் காத்து:
விதைப்பு என்று வந்ததால் சொல்கிறேன். மானாவாரிக் காட்டில் விதை மண்ணுக்குள் போனால் போனதுதான், தார்ப்பாய் போட்டு மூட முடியாது. போன வருசம் 60 சதவீதத்தை நம்பி விதைத்தேன். தூறலோடு நின்றுபோச்சு. விதைக்கடலையும் உழவுக் கூலியும் என் தலையில். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கவில்லை, பட்டத்தைத்தான் சொன்னார்கள்.

கணக்கு டீச்சர்:
ஒத்துக்கொள்கிறேன். பட்டம் என்பதே பல தலைமுறை மழைக் கணக்கு, காகிதத்தில் இல்லையே தவிர. ஆனால் 2016-ல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பட்டம் பார்த்து விதைத்த காடும் அந்த வருசம் காய்ந்ததே? சரி, மஞ்சளுக்கு வருவோம். களத்தை மூட என்ன செலவு?

மஞ்சக்காட்டான்:
இரண்டு ஆள், 400 ரூபாய். நனைந்ததில் நட்டம் 20,000.

கணக்கு டீச்சர்:
பத்து நாளும் மூடினால் 4,000. ஒரு நாள் நனைந்தால் 20,000. அப்படியானால் 10 சதவீதத்துக்கே மூடியிருக்கணும். 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் களத்தைத் திறந்து போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம்.

மஞ்சக்காட்டான்:
மூடியே வைத்தால் மஞ்சள் எப்படிங்க காயும்? உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். அது உங்கள் கணக்கில் எங்கே?

கணக்கு டீச்சர்:
அது விட்டுப்போச்சு. மதியம் இரண்டு மணி வரை திறந்திருக்கட்டும், கோடை மழை காலையில் வருவது அபூர்வம்.

பல்லடத்துக் காத்து:
ஆக, மறுபடியும் வானத்தைத்தான் பார்க்கணும்.

மஞ்சக்காட்டான் (மறுநாள்):
நேற்று 30 போட்டிருந்தது. டீச்சர் சொன்னபடி இரண்டு மணிக்கே மூடியாச்சு. ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில் கொடுமுடியில் தெருவெல்லாம் தண்ணியாம். அப்பாரு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு தட்டானைக் காணோம், எதுக்குடா மூடினே?" என்கிறார்.