உதவி: மும்பையில் கிளையன்ட் டின்னர், முதலாளி இருட்டிய பின் சாப்பிடமாட்டாராம்

செம்பூர்வாசி:
வணக்கம். அந்தேரி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் பேக்கிங் மெஷின் விற்கும் சின்ன கம்பெனியில் இருக்கிறேன். டிசம்பர் இரண்டாம் வாரம் அகமதாபாத்திலிருந்து ஒரு மருந்து கம்பெனியின் முதலாளியும் அவருடைய ஆட்களுமாக ஆறு பேர் வருகிறார்கள். மத்தியானம் மெஷினை ஓட்டிக் காட்டுகிறோம், ராத்திரி விருந்து. எங்கள் எம்.டி. பிகேசியில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) ஒரு ஸ்டார் ஓட்டலில் எட்டரைக்கு டேபிள் போடச் சொல்லிவிட்டார். பார் இருக்கிற இடமாம். "குஜராத்தில் மதுவிலக்கு, இங்கே வந்தால் ஆசைப்படமாட்டார்களா" என்பது அவர் கணக்கு.

நேற்று அவர்களுடைய பர்ச்சேஸ் மேனேஜர் போனில் போகிற போக்கில் சொன்னார்: முதலாளி ஜைனர், சௌவிஹார் பார்ப்பவர். ஓட்டலில் கேட்டால், "ஜைன் மெனு இருக்கிறது சார், கவலையை விடுங்கள்" என்கிறார்கள். அது போதுமா? மெனுவில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

மாட்டுங்கா மாமி:
தம்பி, மெனு அப்புறம். முதலில் மணியை மாற்றுங்கள். சௌவிஹார் என்றால் சூரியன் மறைந்த பிறகு வாயில் எதுவும் படாது. டிசம்பரில் இங்கே ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும். எட்டரைக்கு நீங்கள் எவ்வளவு சுத்தமான ஜைன் சாப்பாடு வைத்தாலும் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

தாணே கார்த்தி:
இவ்வளவு யோசிக்க வேண்டுமா? அவருக்கு மட்டும் ஒரு ஜூஸ் சொல்லிவிட்டு மற்றவர்கள் சாப்பிட வேண்டியதுதானே. பெரிய மனிதர், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

மாட்டுங்கா மாமி:
ஜூஸ் இல்லை ஐயா, தண்ணீரும் கிடையாது! தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றால் அதற்குத் திவிஹார் என்று பெயர். இரண்டில் எது என்று அந்த மேனேஜரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார், சந்தோஷப்படுவார். இன்னொன்று. முதலாளி சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் சம்பளம் வாங்குகிற ஐந்து பேர் எதிரில் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்?

செம்பூர்வாசி:
நன்றி மாமி. ஆனால் எம்.டி.யிடம் எப்படிச் சொல்வது? சாயங்காலம் ஐந்து மணிக்கு விருந்தா, டிபனா என்று சிரிப்பார்.

பரிமாறுபவன்:
நவி மும்பையில் கேட்டரிங் செய்கிறேன், இது எங்களுக்கு வாடிக்கையாக வருகிற கேஸ். எம்.டி.யிடம் வாதம் பண்ணாதீர்கள். பர்ச்சேஸ் மேனேஜரிடம், "சாருக்கு எத்தனை மணிக்குள் சாப்பாடு முடிய வேண்டும்?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். வருகிற பதிலை அப்படியே எம்.டி.க்கு அனுப்புங்கள். கிளையன்டே சொன்னால் பேச்சு இருக்காது.

பிகேசியை விடுங்கள். டெமோ முடிந்து நாலரைக்குக் கிளம்பினால் வழியிலேயே பொழுது போய்விடும். அந்தேரி கிழக்கிலேயே, உங்கள் ஆபீஸுக்குப் பக்கத்தில், சுத்த சைவ ஓட்டலில் தனி அறை கிடைக்கிறதா பாருங்கள். ஸ்டார் ஓட்டலில் ஜைன் மெனு இருக்கலாம், அசைவம் சமைக்கிற அதே அடுக்களை என்றால் கண்டிப்பானவர்கள் கை நனைக்கமாட்டார்கள். நாலே முக்காலுக்கு உட்கார வையுங்கள். பஃபே வேண்டாம், முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துத் தட்டில் பரிமாறச் சொல்லுங்கள். ஐந்தே முக்காலுக்குள் இனிப்பு வரைக்கும் முடிந்துவிடும்.

இப்போது மெனு. வெங்காயம், பூண்டு, உருளை, கேரட், முள்ளங்கி என்று மண்ணுக்குள் விளைவது கிடையாது என்பது எல்லா ஓட்டலுக்கும் தெரியும். பச்சை இஞ்சியில்தான் கோட்டை விடுவார்கள், அதுவும் ஆகாது. சுக்கு ஆகும், மஞ்சள்தூளும் ஆகும். உருளைக்குப் பதிலாக வாழைக்காய், இங்கே ஜைன் பாவ் பாஜியே அதில்தான். காளானும் தேனும் வேண்டாம், கத்திரிக்காயையும் பலர் தொடமாட்டார்கள்.

நம்ம ஊர்ச் சாப்பாடு ஏதாவது வைக்கலாம் என்று தோன்றும். சின்ன வெங்காயம் இல்லாமல், பெருங்காயம் தூக்கலாகப் போட்டு சாம்பார் வைக்கலாம். தயிர் வடை மட்டும் வேண்டாம். காய்ச்சாத தயிரோடு பருப்பு சேரக்கூடாது என்று ஒரு விதி அவர்களுக்கு உண்டு. உளுந்தும் பருப்புதானே.

செம்பூர்வாசி:
தயிர் வடையைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன்! சரி, மேனேஜருக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். மற்றவர்களில் இரண்டு பேர் ராத்திரி "வெளியே போகலாமா" என்று ஜாடையாகக் கேட்டார்களாம். அதையும் இதோடு சேர்க்கலாமா?

பரிமாறுபவன்:
சேர்க்கவே கூடாது. முதலாளி ஓட்டல் அறைக்குத் திரும்பிய பிறகு அது தனிக் கச்சேரி. அழைப்பிலும் வேண்டாம், கம்பெனி பில்லிலும் வேண்டாம். உங்கள் எம்.டி. ஆசையும் அங்கே தீர்ந்துவிடும். கூட்டிப்போகிற பையன்களின் வயதைப் பாருங்கள், மகாராஷ்டிராவில் விஸ்கிக்கு 25 ஆகியிருக்க வேண்டும்.

முலுண்ட் ஆடிட்டர்:
கணக்குப் பக்கம் என் பங்குக்கு. சாதாரண ஓட்டலில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஸ்டார் ஓட்டல் என்றால் 18. அந்த 18-ஐ இன்புட் கிரெடிட்டில், அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துவிடலாம் என்று எம்.டி. நினைத்தால் சொல்லிவிடுங்கள், சாப்பாட்டுச் செலவுக்கு அது கிடையாது. கார்டில் கட்டுங்கள். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் செலவாக ஏற்கமாட்டார்கள்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்பதை டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதி செய்துவிட்டது. அதற்காக விருந்தாளி எதிரில் வெயிட்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். புக் செய்யும்போதே பேசி முடித்து, கார்டை முன்கூட்டியே கவுன்டரில் கொடுத்துவிடுங்கள். பில் மேசைக்கே வரவேண்டாம்.

செம்பூர்வாசி:
மேனேஜர் பதில் வந்துவிட்டது. சௌவிஹார்தான், ஐந்தே முக்காலுக்குள் முடிந்தால் நல்லது என்கிறார். எம்.டி.க்கு அனுப்பினேன், "ஓகே, சேஞ்ச் பண்ணு" என்று மூன்றே வார்த்தை. கடைசியாக ஒன்று, கிளம்பும்போது கையில் கொடுக்க காஜு கத்லி டப்பா சரியா?

மாட்டுங்கா மாமி:
தாராளமாகக் கொடுங்கள், வெள்ளித் தாள் ஒட்டாததாகக் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலத்தில் மாட்டுத் தோலுக்கு நடுவில் வைத்துத் தட்டித்தான் அந்தத் தாளைச் செய்தார்கள். இப்போது அப்படிச் செய்யத் தடை இருக்கிறது, ஆனாலும் பழைய ஆட்கள் தொடுவதில்லை. ஆறு டப்பா வாங்காதீர்கள், டிரைவருக்கும் சேர்த்து ஏழு.