டைப் 1 சர்க்கரை நோய்: இட்லி சாப்பிட்டதும் சர்க்கரை எகிறுகிறது

கேள்வி: மகளுக்கு டைப் 1. காலையில் இட்லி சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 280ஐத் தாண்டிவிடுகிறது, மதியச் சோற்றுக்குக்கூட இவ்வளவு ஏறுவதில்லை. ஊசி போட்ட கையோடு தட்டை வைத்துவிடுவோம். டோஸைக் கூட்டலாமா?

பதில்: டோஸை விடுங்க, முதலில் நேரத்தைப் பாருங்க. வேக இன்சுலினே வேலையைத் தொடங்க 15 நிமிடம் போல ஆகும், அதற்குள் இட்லி முந்திக்கொள்ளும். போட்டு 15 நிமிடம் கழித்துக் கொடுங்க. 70க்குக் கீழே இருந்தால் மட்டும் காக்க வைக்காதீங்க, உடனே குளுக்கோஸ்.

பதில்: காலையில் ஹார்மோன்களால் இன்சுலின் சரியாக எடுபடாது. பலருக்குக் காலை விகிதமே (எவ்வளவு மாவுச்சத்துக்கு எவ்வளவு இன்சுலின் என்பது) தனி, டாக்டரிடம் கேளுங்க.

பதில்: எங்க வீட்டில் முட்டை முதலில், அப்புறம்தான் இட்லி. ஏற்றம் கொஞ்சம் மட்டுப்படுகிறது. நெய்ப்பொங்கல் வேறு கதை, கொழுப்பால் தாமதமாகி மூன்று மணி நேரம் கழித்துக்கூட ஏறும்!

கேட்டவர்: வேக இன்சுலின்தான். சரி, நாளைக்கே ஊசியைப் பல் தேய்த்ததும் போட்டுப் பார்க்கிறோம்.