மெயில், வங்கி, மற்ற கணக்குகள்: எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன், எதை முதலில் மாற்றுவது?

கேள்வி:
மெயில், வங்கி, சமூக ஊடகம், எப்போதோ ஒருமுறை பொருள் வாங்கிய தளங்கள் என்று 40 கணக்குகளுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, கடைசி எண் மட்டும் மாறும். போன வாரம் ஒரு பழைய கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்கள். பயமாக இருக்கிறது. அத்தனையையும் மாற்றினால் எப்படி நினைவில் வைப்பது?

பதில் 1:
முதலில் மெயில், இன்றைக்கே. வங்கியைவிட அதுதான் அவசரம் என்பேன், ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் வந்து விழும், அது போனால் எல்லாம் போச்சு. கடைசி எண்ணை மாற்றுவது பாதுகாப்பே இல்லை. ஒரு தளத்தில் கசிந்த பாஸ்வேர்டு பட்டியலை இப்படிச் சின்ன மாற்றங்களோடு மற்ற தளங்களில் முயன்று பார்க்க மென்பொருளே இருக்கிறது.

பதில் 2:
40-ஐயும் நினைவில் வைக்க வேண்டாம். பிட்வார்டன், கீபாஸ் மாதிரி ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் (எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைத்துக்கொள்ளும் செயலி) போதும், இலவசமாகவே கிடைக்கும். மனப்பாடம் செய்ய வேண்டியது அதன் பாஸ்வேர்டும் மெயிலுடையதும்தான். அதற்கு டைஸ்வேர் முறை நல்லது: பகடையை 5 முறை உருட்டினால் 7776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும், அப்படி 6 சொற்களைச் சேர்த்தால் அதுவே பாஸ்வேர்டு. நீங்களாகச் சொல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மனம் பழகிய சொல்லுக்கே போகும்.

பதில் 3:
அப்புறம், மெயிலுக்கும் வங்கிக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு, போனில் கிடைக்கும் குறியீடு மாதிரி இன்னொன்றையும் கேட்பது) போட்டுவிடுங்கள். அப்போது கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள், போன் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
மெயிலை மாற்றிவிட்டேன், நன்றி. இப்போது வங்கிக் கணக்கில் இருக்கிறேன்.