மழைக்காலத்துக்கு வாய்விட்டு வாசிக்க நல்ல நாவல் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ஒரு நாளைக்கு 20 பக்கம் ஓடும். வரும் மழைக்காலம் மூன்று மாதத்துக்கு 1800 பக்கம் வேண்டும்.

முதல் புத்தகம் முடிவாகிவிட்டது. 1991இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்'. திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற நடை, காதுக்கு அப்படிப் பொருந்தும்.

அடுத்து என்ன? போன வருஷம் ஒரு பெரிய நாவலில் வாக்கியங்கள் அரைப் பக்கம் நீண்டன. எனக்கு மூச்சு வாங்கியது, அம்மா பாதியில் தூங்கிப்போனார். 140ஆம் பக்கத்தில் செருகிய பஸ் டிக்கெட் இன்னும் அங்கேயே இருக்கிறது.

உரையாடல் நிறைய, அத்தியாயம் சின்னதாக இருந்தால் நல்லது. சாவும் நோயுமாக நிறைந்த கதை இப்போது வேண்டாம். நீங்கள் யாருக்காவது வாசித்துக் காட்டிய புத்தகம் என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.