பேசிக்கொண்டே படியேறினால் கார்ட்லெஸ் போன் கட் ஆகிறது. சிக்னலை எப்படிச் சோதிப்பது?

ரோஸ்ஹில் கணக்கர்
வணக்கம். மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்கள் அலுவலகம் இரண்டு தளம். கீழே வரவேற்பறையில் ஒரு டெக்ட் பேஸ் (கார்ட்லெஸ் போனுக்கு ரேடியோ சிக்னல் தரும் பெட்டி), மேலே கணக்குப் பிரிவில் இன்னொன்று. இரண்டு இடத்திலும் சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது. ஆனால் பேசிக்கொண்டே படியேறினால் அழைப்பு கட். போட்டுக் கொடுத்தவர் வைஃபை இடைஞ்சல் என்கிறார். ரௌட்டரை அணைத்தும் அதே கதைதான்.

வயர்மேன்
வைஃபையை விடுங்கள். அது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ். ஐரோப்பிய டெக்ட் 1880–1900 மெகாஹெர்ட்ஸ். கோடுகளையும் நம்ப வேண்டாம். பல ஆபீஸ் போன்களில் அளவீட்டு மெனு ஒன்று ஒளிந்திருக்கும், கையேட்டில் வழி இருக்கும். எந்த பேஸ், எத்தனை டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு) என்று அது காட்டும். எண் மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு. -60 அருமை, -70 வரை கவலையில்லை, -80 தாண்டினால் குரல் வெட்டும். கதவுகளைச் சாத்திவிட்டு, பேஸுக்கு முதுகு காட்டி நின்றும் பாருங்கள். நம் உடம்பே கொஞ்சம் விழுங்கிவிடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மேல் பேஸ் இருக்கும் இடத்திலேயே போனைப் பிடித்து, கீழ் பேஸின் எண்ணைப் படியுங்கள். இரண்டு பேஸும் ஒன்றை ஒன்று கேட்டு நேரம் ஒத்துப்போனால்தான் ஓடுகிற அழைப்பை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாற்ற முடியும்.

கியூர்பிப் தம்பி
1960-இல் அலிக்ஸ், கரோல் புயல்கள் அடித்த பிறகு இங்கே எல்லாமே கான்கிரீட்தானே. தளத்துக் கம்பி சும்மா விடுமா!

ரோஸ்ஹில் கணக்கர்
அளந்தேன் அண்ணே. படிக்கட்டு நடுவில் இரண்டு பேஸும் -65 பக்கம். ஆனால் மேல் பேஸ் இடத்தில் கீழ் பேஸ் -86. சிக்னலை நீட்டித் தரும் ரிப்பீட்டர் வாங்கவா?

வயர்மேன்
வேண்டாம். படியில் இரண்டும் நன்றாகக் கேட்டும் அறுகிறதென்றால் கோளாறு ஒத்திசைவில்தான். லேன் (ஆபீஸ் நெட்வொர்க்) கேபிள் வழியே ஒத்திசைக்கும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் மேல் பேஸைப் படிக்கட்டுத் தலைப்புக்கு நகர்த்துங்கள், அங்கே கீழ் பேஸின் எண் -75ஐவிட நன்றாக வர வேண்டும். இரும்பு பீரோ பக்கம் மட்டும் வேண்டாம்.

ரோஸ்ஹில் கணக்கர்
லேன் வசதி இல்லை, நகர்த்தியாச்சு. இப்போது -69. ஏறி இறங்கிப் பேசினேன், கட் ஆகவில்லை. பின்பக்க ஸ்டோரில் -82தான். அங்கே யாரும் பேசப் போவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.