கால்சியம் ஸ்கோர், சி.டி. ஆஞ்சியோ, ஸ்ட்ரெஸ் ஸ்கேன்: எண்ணை எவ்வளவு நம்பலாம்?

சி.டி. டெக்னீஷியன்:

இதயத்துக்கு ரத்தம் தரும் கொரோனரி குழாய்களின் சுவரில் படிந்த கால்சியத்தை சி.டி.யில் அளந்து எண்ணாகச் சொல்வதுதான் கால்சியம் ஸ்கோர். இதற்கு ஊசியும் கிடையாது, கான்ட்ராஸ்ட்டும் (குழாயைப் பளிச்சென்று காட்டும் மருந்து) கிடையாது. ஈ.சி.ஜி.யோடு இணைத்து, இதயம் ஓய்ந்திருக்கும் கட்டத்தில் (பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு நடுவே 70 சதவீத இடத்தில்) 3 மி.மீ. துண்டுகளாக எடுப்போம். எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தமான 120 கே.வி.யை மட்டும் மாற்றக் கூடாது. கதிர்வீச்சைக் குறைக்கலாமே என்று 100க்கு இறக்கினால் அதே கால்சியம் இன்னும் வெள்ளையாகத் தெரியும். கால்சியம் என்று எண்ணத் தொடங்கும் 130 ஹெச்.யூ. (சி.டி.யில் அடர்த்தியின் அலகு) என்ற வரம்பு 120 கே.வி.க்கு வகுத்தது. அதனால் ஸ்கோர் பொய்யாக ஏறிவிடும்.

கணக்கு 1990இல் அகாட்ஸ்டன் குழு வெளியிட்டதுதான். ஒவ்வொரு துண்டிலும் படிவின் பரப்பை, அதன் உச்ச அடர்த்திக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும்: 130 முதல் 199 வரை 1, 200 முதல் 299 வரை 2, 300 முதல் 399 வரை 3, 400, அதற்கு மேல் 4. பரப்பு 5 சதுர மி.மீ., உச்சம் 390 என்றால் 15. படத்தில் கொஞ்சம் இரைச்சல் சேர்ந்து அதே புள்ளி 410 ஆகிவிட்டால் 20. படிவு வளரவே இல்லை, எண் மட்டும் கூடியிருக்கிறது. சின்ன ஸ்கோர்களில் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பதறுவதில் அர்த்தமில்லை. உடல் பருத்தவர்களுக்கு எம்.ஏ.வை (எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டம்) ஏற்றாமல் எடுத்தால் இரைச்சலே 130ஐத் தாண்டி கால்சியமாகக் கணக்கில் வந்துவிடும்.

ரேடியாலஜிஸ்ட்:

சாஃப்ட்வேர் 130க்கு மேல் உள்ள எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசிவிடும். அதில் எது கொரோனரி என்று பிரிப்பது நம் வேலை. அதிகம் ஏமாற்றுவது மைட்ரல் வால்வு வளையக் கால்சியம். சர்கம்ஃப்ளெக்ஸ் என்ற கொரோனரி கிளை பக்கத்திலேயே ஓடுவதால் அவசரத்தில் சேர்ந்துவிடும். அடுத்தது, குழாய் கிளம்பும் இடத்தில் உள்ள அயோர்ட்டா (பெருந்தமனி) சுவர். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த ஸ்கோரே எடுக்க வேண்டியதில்லை.

இதய மருத்துவர்:

இந்தச் சோதனையால் அதிகப் பயன், அறிகுறி இல்லாமல் நடுத்தர அபாயத்தில் இருப்பவருக்குத்தான். அமெரிக்க இதய அமைப்புகளின் 2018 வழிகாட்டுதல்படி, பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் அபாயம் 7.5 முதல் 20 சதவீதத்துக்குள் இருந்து, ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மருந்து) தொடங்குவதா வேண்டாமா என்று தயங்கும்போது எடுக்கலாம். ஸ்கோர் 0 என்றால் மருந்தைத் தள்ளிப்போடலாம். ஆனால் சர்க்கரை நோய், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் இந்தச் சலுகை இல்லை. 1 முதல் 99 என்றால், குறிப்பாக 55 வயதுக்கு மேல், மருந்தின் பக்கம் சாயலாம். 100ஐத் தொட்டால் பெரும்பாலும் விவாதமே தேவையில்லை.

இளவயதினருக்கு 0 வந்தால் முழு நிம்மதி வேண்டாம். கால்சியம் பிடிக்காத மென்படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. நெஞ்சுவலியோடு வருபவரை 0ஐ மட்டும் காட்டி வீட்டுக்கு அனுப்புவதும் தவறு.

ஸ்டாட்டின் வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்கோரைத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். மருந்து மென்படிவைக் கெட்டிப்படுத்துவதால் எண் ஏறவே செய்யும். அகாட்ஸ்டன் கணக்கின் கோளாறே இதுதான்: அடர்த்திக்கு அதிக மதிப்பெண் தருகிறது, ஆனால் அடர்ந்த படிவு வெடிக்கும் வாய்ப்பு குறைவு.

சி.டி. டெக்னீஷியன்:

கான்ட்ராஸ்ட் ஏற்றிக் குழாயின் உட்புறத்தைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோவில் பாதி வெற்றி தயாரிப்பில்தான். துடிப்பு நிமிடத்துக்கு 60ஐ ஒட்டி இருக்க வேண்டும். மருத்துவர் ஒப்புதலோடு, துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் 50 முதல் 100 மி.கி. ஒரு மணி நேரம் முன்பு. ஆஸ்துமா, ஹார்ட் பிளாக் உள்ளவர்களுக்கு யோசிக்க வேண்டும். ஸ்கேனுக்குச் சற்று முன், குழாயை விரிக்க, நாக்கடியில் நைட்ரோகிளிசரின். சில்டெனஃபில் (வயாக்ரா) வகை மாத்திரை எடுத்தாரா என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். மனைவி பக்கத்தில் நின்றால் சரியான பதில் வராது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

முழங்கை மடிப்பில் 18 கேஜ் கேனுலா (ஊசிக்குழாய்), கான்ட்ராஸ்ட் நொடிக்கு 5 மி.லி. வேகம், பின்னாலேயே சலைன். ஈ.சி.ஜி. திரையில் டி அலை, துடிப்பைக் குறிக்கும் ஆர் அலையை விட உயரமாக இருந்தால் மெஷின் டி அலையைத் துடிப்பென்று எண்ணிக்கொள்ளும். லீடை இடம் மாற்றி ஒட்டுங்கள். இல்லையென்றால் குழாய் படிக்கட்டுபோல உடைந்து தெரியும்.

ரேடியாலஜிஸ்ட்:

ரிப்போர்ட்டில், அடைப்பின் அளவைச் சொல்லும் காட்-ராட்ஸ் எண் இருக்கும்: 0 என்றால் ஒன்றுமில்லை, 3 என்றால் 50 முதல் 69 சதவீத அடைப்பு, 5 என்றால் முழு அடைப்பு. எல்லோரும் இந்தச் சதவீதத்தையே பார்க்கிறார்கள். மாரடைப்பை முன்கூட்டிச் சொல்வதில் சுவரில் இருப்பதற்கும் அதே அளவு பங்கு உண்டு: 30 ஹெச்.யூ.க்குக் கீழான மென்படிவு, வெளிப்பக்கம் உப்பிய சுவர், 3 மி.மீ.க்குச் சிறிய கால்சியப் பொட்டுகள், வளையம்போல் ஓரம் வெளுத்த படிவு. ஸ்காட்லாந்தின் ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், மென்படிவின் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அதே ஆய்வில் 4,146 பேர். ஐந்தாண்டில் இதய மரணமோ மாரடைப்போ வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 3.9 சதவீதம், சி.டி.யும் எடுத்தவர்களில் 2.3 சதவீதம். ஸ்கேன் யாரையும் குணப்படுத்தவில்லை. படிவைக் கண்டதும் மருந்து தொடங்கியதுதான் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை: கால்சியம் படத்தில் பூத்துப் பெரிதாகத் தெரியும், 40 சதவீத அடைப்பு 70 போலத் தோன்றும். 3 மி.மீ.க்குக் குறைந்த ஸ்டென்ட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாக எழுதாதீர்கள்.

நியூக்ளியர் மெடிசின்:

இதயத்தை உடற்பயிற்சியாலோ மருந்தாலோ தூண்டி, தசைக்கு ரத்தம் எட்டுகிறதா என்று பார்ப்பது ஸ்ட்ரெஸ் பெர்ஃப்யூஷன் ஸ்கேன். அது நார்மல் என்றால் மாரடைப்போ இதய மரணமோ வரும் ஆபத்து பொதுவாக ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் ஸ்பெக்ட் (ஊசியில் ஏற்றிய கதிரியக்கப் பொருளைப் படமெடுக்கும் ஒரு முறை) படம் ஒரு பகுதியை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். மூன்று குழாய்களும் சமமாக அடைத்திருந்தால் எல்லா இடமும் ஒரே மங்கல், படம் நார்மல் போலவே வரும். ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பின் இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் முக்கியப் பம்ப் அறை) பெரிதானாலோ பம்பிங் குறைந்தாலோ சந்தேகப்படுங்கள். இன்னொரு முறையான பெட் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தையே அளக்கலாம். ஓட்ட இருப்பு (ஓய்வைவிட ஸ்ட்ரெஸ்ஸில் ஓட்டம் எத்தனை மடங்கு) 2க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டியது.

காபி, டீ, சாக்லேட், காஃபீன் கலந்த தலைவலி மாத்திரை எல்லாம் ஸ்கேனுக்கு முன் குறைந்தது 12 மணி நேரம் நிறுத்த வேண்டும். ஸ்ட்ரெஸ்ஸுக்காகக் குழாயை விரிக்கக் கொடுக்கும் அடினோசின் மருந்தைக் காஃபீன் தடுத்துவிடும், குழாய் விரியாது, நோய் மறைந்துபோகும். அடினோசின் கொடுத்து எடுத்த பெட் படத்தில் மண்ணீரலைப் பாருங்கள்: மருந்து வேலை செய்திருந்தால் அது மங்கியிருக்கும். ஓய்வுப் படத்தில் இருந்த அதே வெளிச்சத்தோடு நின்றால், நார்மல் என்று எழுதும் முன் காலையில் என்ன குடித்தார் என்று கேட்டுவிடுங்கள்.